சீட்டில் பெயர் எழுதிய பிறகு: புதிதாக வந்தவர்களுக்குச் சில அறிவுரைகள்

'எல்லைநிலை ஆளுமைக் கோளாறு' (ஆங்கிலத்தில் 'பார்டர்லைன்') என்று மருத்துவர் சீட்டில் எழுதிக் கொடுத்ததும் வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, செல்போனில் தேடிப் பார்த்துக் கலங்கிப்போன பெற்றோர்களுக்கு இதை எழுதுகிறேன். கணவன் மனைவிக்கும், கூடப்பிறந்தவர்களுக்கும், அந்தச் சீட்டுக்குச் சொந்தக்காரருக்கும் இது பொருந்தும். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் சமூகப் பணியாளராக இருந்து ஓய்வுபெற்றவள் நான். உள்ளே மருத்துவர் நோயாளியிடம் பேசிக்கொண்டிருக்கும்போது வெளியே பெஞ்சில் காத்திருக்கும் குடும்பத்தோடு பேசுவதுதான் என் வேலையாக இருந்தது. அந்தப் பெஞ்சில் சொன்னவைதான் இவை. வரிசைப்படி படிக்க வேண்டும் என்றில்லை. ஆனால் எட்டாவதை இன்றே படித்துவிடுங்கள்.

1. பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள், அதைத் திட்டும் சொல்லாக்காதீர்கள்.

எல்லோருக்கும் ஒரு சுபாவம் உண்டு. எதற்கெடுத்தாலும் சந்தேகப்படுகிறவர், ஒதுங்கியே இருப்பவர், எல்லாம் இம்மி பிசகாமல் இருக்க வேண்டும் என்று உயிரை வாங்குகிறவர், சட்டென்று பொங்குகிறவர். இவர்கள் யாரும் நோயாளிகள் இல்லை. இளமையிலேயே அந்தச் சுபாவம் இறுகிப்போய், வீடு, வேலை, நட்பு என்று போகிற இடமெல்லாம் கூடவே வந்து, அவருக்கோ அவரைச் சுற்றியிருப்பவர்களுக்கோ வருடக்கணக்கில் துன்பம் தந்தால்தான் மருத்துவம் அதை ஆளுமைக் கோளாறு என்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு, 2013இல் வந்த ஐந்தாம் பதிப்பில், பத்து வகைகளை மூன்று கொத்தாகப் பிரித்துச் சொல்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2022 ஜனவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்த ஐசிடி-11 என்ற நோய்ப் பட்டியல் அந்தப் பிரிவுகளை ஏறக்குறைய கலைத்தே விட்டது. லேசானதா, நடுத்தரமா, கடுமையா என்பதைத்தான் முதலில் பார்க்கச் சொல்கிறது. எல்லைநிலை என்ற வடிவத்தை மட்டும் தனியாகக் குறிக்க இடம் விட்டிருக்கிறது. அதனால் இரண்டு மருத்துவர்கள் இரண்டு விதமாக எழுதினால், ஒருவருக்கு விஷயம் தெரியவில்லை என்று முடிவுகட்ட வேண்டாம். இருவரும் வேறு வேறு கையேட்டைப் பின்பற்றியிருக்கலாம்.

யூடியூபைத் திறந்தால் மாமியார், மேலாளர், பழைய காதலன் எல்லோருமே 'நார்சிசிஸ்ட்' ஆகிவிடுகிறார்கள். பிடிக்காதவர்களுக்குச் சூட்ட ஒரு புதுப்பட்டம் கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான். உங்கள் வீட்டில் சண்டை மூளும்போது, "நீதான் பார்டர்லைன் ஆச்சே" என்று ஒருவரும் சொல்லக் கூடாது. ஒரு தடவை சொன்னால் போதும், பிள்ளை அப்புறம் மருத்துவமனைப் பக்கமே திரும்பாது.

2. நோயைக் கண்டறிய நேரம் பிடிக்கும். பிடிக்கட்டும்.

பதினைந்து நிமிடத்தில் யாராவது ஆளுமைக் கோளாறு என்று சொன்னால் இன்னொருவரிடமும் கேளுங்கள். மனச்சோர்வு, குடி, தைராய்டு, பழைய அதிர்ச்சியின் விளைவு எல்லாம் வெளிப்பார்வைக்கு இதைப் போலவே தெரியும். அதிகமாகக் குழப்புவது இருதுருவ நோய். அதில் மனநிலையின் ஏற்ற இறக்கம் நாள்கணக்கில், வாரக்கணக்கில் நீடிக்கும். எல்லைநிலையில் அதே ஏற்ற இறக்கம் மணிக்கணக்கில் நடந்து முடியும். பெரும்பாலும் யாரோ சொன்ன ஒரு சொல், எடுக்கப்படாத ஒரு அழைப்பு அதைக் கிளப்பிவிட்டிருக்கும். முதல் சந்திப்புக்கு, அவரைப் பள்ளி நாளிலிருந்து அறிந்த ஒருவரைக் கூட்டிப்போங்கள். நெருக்கடி நடந்த வாரத்தை மட்டும் வைத்து ஒரு மனிதரின் ஆளுமையை அளக்க முடியாது.

இது பெண்களுக்கே வரும் என்றொரு எண்ணம் உண்டு. மருத்துவமனைக்கு வருகிறவர்களில் பெண்கள் அதிகம் என்பது உண்மை. ஆனால் அமெரிக்காவில் பொதுமக்களிடம் நடத்திய பெரிய ஆய்வில் ஆண், பெண் விகிதம் ஏறக்குறைய சமமாகவே இருந்தது. ஆண்பிள்ளைக்கு இது இருந்தால் நம் ஊரில் 'குடிகாரன்', 'முரடன்' என்று பேர் வைத்துக் காவல் நிலையத்துக்குத்தான் அனுப்புகிறோம்.

3. குற்றவாளியைத் தேடாதீர்கள். இருந்தால் மறைக்காதீர்கள்.

இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகள், இந்தக் கோளாறில் ஏறக்குறைய பாதிப் பங்கு பரம்பரையாக வருவது என்று காட்டுகின்றன. பிறவியிலேயே உணர்ச்சி வேகம் கூடிய குழந்தை, அந்த வேகத்தைப் புரிந்துகொள்ளாமல் "இதுக்குப் போய் அழுவியா?" என்று அடக்கும் சூழல். இரண்டும் வருடக்கணக்கில் ஒன்றையொன்று முறுக்கேற்றிக்கொள்கின்றன. பல வீடுகளில் வில்லன் என்று யாரும் இல்லை. அம்மா சரியாக வளர்க்கவில்லை என்று பேசும் உறவினரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

ஆனால் சில வீடுகளில் உண்மையிலேயே நடந்திருக்கும். சிறுவயதில் அடி, பாலியல் தொல்லை. செய்தவர் சித்தப்பாவாகவோ தாத்தாவாகவோ இருப்பார். இன்னமும் பண்டிகைக்கு வந்து நடுக்கூடத்தில் உட்கார்ந்து சாப்பிடுவார். 'குடும்ப மானம்' என்று அதை மூடிவைத்துக்கொண்டு பிள்ளையை மட்டும் சிகிச்சைக்கு அனுப்பாதீர்கள். அந்த ஆள் அந்த வீட்டுக்குள் வருகிற வரை எந்தச் சிகிச்சையும் பிடிக்காது.

4. 'நடிக்கிறா' என்ற சொல்லை வீட்டில் தடைசெய்யுங்கள்.

அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹன் இவர்களைத் தீக்காயம்பட்ட உடம்போடு ஒப்பிடுவார்: மனத்துக்குத் தோல் இல்லை, தொட்டாலே உயிர் போகிறது. உங்களுக்குச் சின்னதாகத் தெரியும் விஷயம் அவருக்கு அப்படித்தான் வலிக்கிறது. உணர்ச்சி மற்றவர்களைவிடச் சீக்கிரம் ஏறுகிறது, அதிகம் ஏறுகிறது, இறங்க நேரம் எடுக்கிறது. இதற்கெல்லாம் அடியில் பெரும்பாலும் ஒரு பயம் இருக்கும்: இவர்கள் என்னை விட்டுப் போய்விடுவார்கள் என்ற பயம். காலையில் தெய்வமாக இருந்த தோழி மாலையில் துரோகியாவது இதனால்தான்.

5. பதிலைத் தாமதப்படுத்துங்கள்.

பெஞ்சில் நான் அதிக நேரம் செலவழித்தது இதற்குத்தான்.

வேலைவிட்டு வந்த மகள் பையை வீசி எறிந்து, "இந்த வீட்ல யாருக்கும் நான் வேணாம்" என்கிறாள். மதியம் அவள் கூப்பிட்டபோது அம்மா போனை எடுக்கவில்லை. ரேஷன் கடை வரிசையில் நின்றிருந்தார். அடுத்த வசனம் உங்களுக்கே தெரியும். "உனக்கு இங்க என்ன குறை வச்சோம்? உங்கப்பா ராத்திரி பகலா யாருக்காக உழைக்கிறாரு?" அம்மா சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ஆனாலும் மகள் காதில் விழுந்தது, 'உன் வலி பொய்' என்பதுதான். அந்த வலியை நிரூபிக்க அவள் இன்னும் சத்தமாகக் கத்தியாக வேண்டும். கத்துவாள். தட்டு பறக்கும்.

அம்மா இப்படிச் சொல்லியிருக்கலாம்: "திரும்பத் திரும்பக் கூப்பிட்டும் நான் எடுக்கல. பயந்து போயிட்டியா?" அவ்வளவுதான். 'ஆனா' என்று தொடங்கும் இரண்டாவது வாக்கியம் அப்போது வேண்டாம். ரேஷன் கடைக் கதையை அரைமணி கழித்து, தோசை ஊற்றும்போது சொல்லிக்கொள்ளலாம். அப்போது அவளே, "சரிம்மா, விடு" என்பாள்.

உணர்ச்சியை ஒப்புக்கொள்வதை, குற்றச்சாட்டை ஒப்புக்கொள்வதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள். பயந்தது உண்மை, 'யாருக்கும் நான் வேணாம்' என்பது உண்மையில்லை. முதலாவதுக்குத் தலையாட்டுங்கள். இரண்டாவதுக்கு ஆமாம் என்றும் சொல்ல வேண்டாம், வாதாடவும் வேண்டாம். சில அம்மாக்கள் உடனே அழுது, "ஆமா, நான்தான் பாவி" என்று தலையில் அடித்துக்கொள்வார்கள். அப்புறம் மகள் தன் வலியை ஓரமாக வைத்துவிட்டு அம்மாவைத் தேற்ற வேண்டிவரும். அதுவும் வேண்டாம்.

இரவு ஒரு மணிக்கு வரும் நீள நீளமான வாட்ஸ்அப் செய்திகளுக்கு வரிக்கு வரி பதில் எழுதாதீர்கள். "படிச்சேன். பத்திரமா இருக்கியா? காலைல பேசுவோம்" போதும். சண்டை முற்றினால் நீங்கள் எழுந்து போகலாம். ஆனால் எப்போது திரும்புவீர்கள் என்று சொல்லிவிட்டுப் போங்கள், சொன்ன நேரத்துக்கு வாருங்கள். சொல்லாமல் கதவை அறைந்து வெளியேறுவது, எதற்கு அவர் நடுங்குகிறாரோ அதையே செய்து காட்டுவது.

6. எல்லையை அமைதியான நாளில் போடுங்கள்.

புரிந்துகொள்வது என்றால் எல்லாவற்றையும் தாங்கிக்கொள்வது என்று நினைத்து ஓய்ந்துபோன குடும்பங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அடிப்பது, பொருளை உடைப்பது, கடன் வாங்கிக் கழுத்தில் கட்டுவது, விடிய விடியத் தூங்கவிடாமல் பேசுவது, இதற்கெல்லாம் எல்லை வேண்டும். எல்லை இல்லாத வீட்டில் அவருக்கே பயம் கூடுகிறது.

"நீ கத்தக் கூடாது" என்பது எல்லை ஆகாது. அவர் வாய் உங்கள் கையில் இல்லை. "நீ கத்துனா நான் மாடிக்குப் போயிடுவேன், அரைமணி கழிச்சு வருவேன்" என்பதுதான் எல்லை, ஏனென்றால் அதை நிறைவேற்ற உங்களால் முடியும். ஒரே நேரத்தில் ஒன்று போதும். சண்டைக்கு நடுவில் அறிவிக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்ட பிறகு, எல்லோரும் சாதாரணமாக இருக்கும்போது சொல்லுங்கள். தொடக்கத்தில் நிலைமை மோசமாகும். பழைய கதவு திறக்கவில்லை என்றால் யாரும் பலமாகத்தான் தட்டிப் பார்ப்பார்கள். ஒன்பது முறை பணம் இல்லை என்று சொல்லிவிட்டுப் பத்தாவது முறை கொடுத்தால், பத்து முறை கேட்க வேண்டும் என்று நீங்களே கற்றுக்கொடுத்ததாக ஆகிறது. பாட்டியின் முந்தானை முடிச்சையும் கவனத்தில் வையுங்கள். அங்கிருந்துதான் பல எல்லைகள் உடைகின்றன.

நிறைவேற்ற முடியாததைச் சொல்லாதீர்கள். 'வீட்டை விட்டுப் போ' என்பதை எந்தக் கோபத்திலும் சொல்லாதீர்கள்.

7. வீட்டில் இரண்டு கட்சி வேண்டாம்.

"அம்மா நல்லவங்க, அப்பாதான் பிசாசு" என்று ஒரு வாரம். அடுத்த வாரம் நேர்மாறு. நல்லவர் பதவி கிடைத்தவருக்கு உள்ளூரச் சந்தோஷமாக இருக்கும். அந்தச் சந்தோஷத்தை நம்பாதீர்கள். முடிவு எதுவானாலும், "அப்பாட்ட பேசிட்டுச் சொல்றேன்" என்று பழகுங்கள். மருத்துவமனையில் மருத்துவர், செவிலியர், உளவியலாளர் என்று எங்களுக்குள்ளேயே இந்தக் கட்சிப் பிரிவினை நடந்ததுண்டு.

8. இதில் மட்டும் தாமதம் கூடாது.

"சொல்றவ செய்ய மாட்டா" என்பது பச்சைப் பொய். எல்லைநிலைக் கோளாறு உள்ளவர்களில் பத்தில் ஒருவர் வரை தற்கொலையால் இறந்ததாகப் பழைய ஆய்வுகள் சொல்லின. பிந்தைய ஆய்வுகளில் அந்த எண்ணிக்கை குறைந்திருந்தாலும் பொதுமக்களோடு ஒப்பிட்டால் பல மடங்கு அதிகம்தான். முன்பு ஒரு முறை முயன்றவருக்கு ஆபத்து இன்னும் கூடுதல். எனவே நேராகக் கேளுங்கள்: "சாகணும்னு தோணுதா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால் தனியே விடாதீர்கள். அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.

உடலைக் காயப்படுத்திக்கொள்வது எப்போதும் சாவதற்காக என்றில்லை. தாங்க முடியாத மன வலியைக் கொஞ்ச நேரம் மறக்கச் சிலர் அப்படிச் செய்கிறார்கள். அலறாமல் காயத்தைக் கழுவிக் கட்டுப்போடுங்கள், பிரசங்கம் வேண்டாம், மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அதற்காக அலட்சியமும் கூடாது, அப்படிச் செய்கிறவர்களுக்குத் தற்கொலை ஆபத்தும் அதிகம்.

வீட்டில் பூச்சிமருந்து, எலிமருந்து இருக்கவே கூடாது. மாத்திரைகள் உங்கள் பூட்டில், ஒரு வாரத்துக்கு மட்டும். இதைச் சொன்னால், "சாகணும்னு நினைச்சா வேற வழியா இல்ல?" என்பார்கள். இலங்கையைப் பாருங்கள். 1995 வாக்கில் உலகிலேயே மிக அதிகத் தற்கொலை விகிதம் கொண்ட நாடுகளில் அதுவும் ஒன்று. கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தபின் இருபது ஆண்டில் அந்த விகிதம் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கிவிட்டது. கடலூர் மாவட்டக் கிராமங்களில் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் குழுவினர், விவசாயிகள் பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் பொது இடத்தில் பூட்டுப் பெட்டியில் வைக்கும் ஏற்பாட்டைச் செய்து பார்த்ததும் இந்தக் காரணத்தால்தான். உந்துதல் பெரும்பாலும் நிமிடங்களில், மணிகளில் தணிந்துவிடுகிறது. அந்த நேரத்தைக் கடக்க வைப்பதுதான் நம் வேலை.

போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து மருத்துவமனைக்குக் கொண்டுபோகாமல் இருக்காதீர்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆவது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது. 14416 என்பது மத்திய அரசின் டெலி-மானஸ் எண். 2022 அக்டோபரிலிருந்து இயங்குகிறது, காசில்லை, தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் 104 உண்டு. இலங்கையில் 1926. மூன்றையும் கைப்பேசியில் ஏற்றிவையுங்கள், பிள்ளையின் கைப்பேசியிலும்.

நெருக்கடி முடிந்ததும் உறவுக்கூட்டத்தைத் திரட்டாதீர்கள், புதுப்போன் வாங்கிக் கொடுக்காதீர்கள். அந்த அக்கறையைச் சாதாரண செவ்வாய்க்கிழமைகளில் காட்டுங்கள்.

9. மாத்திரையிடம் அதிகம் எதிர்பார்க்காதீர்கள்.

ஆளுமைக் கோளாறை ஆற்றும் மாத்திரை இன்றுவரை இல்லை. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2009இல் வெளியிட்ட வழிகாட்டுதல், எல்லைநிலைக் கோளாறுக்கு என்று தனியாக மருந்து கொடுக்க வேண்டாம் என்றே சொல்கிறது. கூடவே மனச்சோர்வோ பதற்ற நோயோ இருந்தால் அதற்கு மருந்து தேவைப்படும், உதவும். ஒவ்வொரு நெருக்கடிக்கும் ஒரு மாத்திரை சேர்ந்து ஏழெட்டாகியிருந்தால், "எது எதுக்குன்னு சொல்லுங்க டாக்டர், எதைக் குறைக்கலாம்?" என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. நீங்களாக நிறுத்த மட்டும் வேண்டாம்.

10. பேச்சுச் சிகிச்சைதான் முக்கியம். அதற்கு ஆள் தேடுங்கள்.

மேலே சொன்ன லினஹன் 1961இல், பதினேழு வயதில், அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் நகரில் ஒரு மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர். தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டே இருந்ததால் தனியறையில் அடைத்து வைத்தார்கள். இரண்டு ஆண்டுக்கு மேல் அங்கே இருந்தார். பிறகு படித்து, சியாட்டிலில் பேராசிரியராகி, டிபிடி எனப்படும் இயங்கியல் நடத்தைச் சிகிச்சையை உருவாக்கினார். 1991இல் அதன் முதல் சோதனை முடிவு வெளிவந்தது, 1993இல் பாடநூல். அங்கே சேர்க்கப்பட்டு ஐம்பது ஆண்டு கழித்து, 2011இல், அதே மருத்துவமனைக்குத் திரும்பிப்போய்த் தன் கதையை முதன்முதலாக வெளியே சொன்னார். பெற்றோர்கள் முகத்தில் இதைக் கேட்டதும் வரும் மாற்றத்துக்காகவே நான் அடிக்கடி சொல்வதுண்டு.

அந்தச் சிகிச்சையில் நான்கு திறன்களைக் கற்றுத்தருகிறார்கள்: இந்தக் கணத்தைக் கவனிப்பது, தாங்க முடியாததைத் தாங்குவது, உணர்ச்சியைக் கையாள்வது, உறவில் கேட்கவும் மறுக்கவும் பழகுவது. வாரம் ஒரு தனிச் சந்திப்பு, ஒரு குழு வகுப்பு. பேட்மன், ஃபோனகி இருவரும் லண்டனில் உருவாக்கிய எம்பிடி, ஜெஃப்ரி யங்கின் ஸ்கீமா சிகிச்சை என்று வேறு முறைகளும் உண்டு.

"எங்க ஊர்ல இதெல்லாம் ஏது?" என்பீர்கள். பெரிய நகரங்களிலேயே முழுமையாகச் செய்பவர்கள் குறைவு. ஆனால் 2009இல் கனடாவில் 180 பேரை வைத்து, டிபிடியையும், சாதாரண மனநல மருத்துவர்களே நெறிப்படி வாரந்தோறும் பார்த்துப் பேசும் முறையையும் ஒப்பிட்டார்கள். ஒரு வருட முடிவில் இரண்டிலுமே ஏறக்குறைய ஒரே அளவு குணம் தெரிந்தது. ஆகவே பெயர் பெற்ற முறை கிடைக்கவில்லை என்று கைவிட வேண்டாம். இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவுபெற்ற மருத்துவ உளவியலாளரா என்று பாருங்கள். வாரம் ஒரு முறை பார்ப்பாரா, நெருக்கடியில் என்ன செய்யச் சொல்கிறார், குடும்பத்தோடும் பேசுவாரா என்று கேளுங்கள். இந்த மூன்றுக்கும் தெளிவாகப் பதில் சொல்கிற ஒருவரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றாதீர்கள்.

கோயிலுக்கோ தர்காவுக்கோ போவதை நான் தடுத்ததில்லை. சங்கிலி போடும் இடத்தில் மட்டும் ஒரு இரவுகூட விடாதீர்கள். 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகம் தீப்பிடித்தபோது சங்கிலியில் கிடந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். மனநலம் குன்றியவரைச் சங்கிலியால் கட்டுவதை 2017 சட்டம் தடை செய்திருக்கிறது.

11. மாதங்களை எண்ணாதீர்கள், வருடங்களை எண்ணுங்கள்.

ஆயுசுக்கும் மாறாது என்று முன்பு மருத்துவர்களே சொல்லிக்கொண்டிருந்தார்கள். அமெரிக்காவின் மெக்லீன் மருத்துவமனையில் மேரி சனரினி என்ற ஆய்வாளர் 1992இல் தொடங்கி, எல்லைநிலைக் கோளாறு உள்ள 290 பேரைத் தொடர்ந்து கவனித்துவந்தார். பத்து ஆண்டு முடிவில், அவர்களில் 93 சதவீதம் பேர் குறைந்தது இரண்டு ஆண்டாவது அறிகுறிகளின் பிடியிலிருந்து விடுபட்டு இருந்திருக்கிறார்கள். பலருக்கு அது நிலைத்தது. முதலில் அடங்குவது வெட்டுவது, வீசுவது போன்ற அவசரச் செயல்கள். வெறுமை, கைவிடப்படும் பயம் போன்றவை மெல்லத்தான் தேயும்.

அதே ஆய்வின் இன்னொரு எண்ணையும் கேட்டுக்கொள்ளுங்கள். அறிகுறி நீங்கியதோடு நிலையான வேலை, நல்ல உறவு இரண்டும் சேர்ந்து அமைந்தது பாதிப் பேருக்குத்தான். நோய் விலகிய இடத்தில் வாழ்க்கை தானாக வந்து உட்காருவதில்லை. ஆகையால், குணமாகட்டும் அப்புறம் வேலைக்குப் போகலாம் என்று வீட்டிலேயே உட்கார வைக்காதீர்கள். பாதி நாள் வேலையானாலும் சரி, தட்டச்சு வகுப்பானாலும் சரி, காலையில் குளித்துக் கிளம்ப ஒரு காரணம் வேண்டும்.

12. சீட்டுக்குச் சொந்தக்காரருக்கு.

தம்பி, தங்கச்சி, இது உனக்கு. மற்றவர்கள் கொஞ்சம் விலகுங்கள். இந்த மனசை நீ கேட்டு வாங்கவில்லை. ஆனாலும் இதை வைத்துப் பிழைக்கக் கற்றுக்கொள்ள வேண்டியது நீதான். அம்மா உனக்காகக் கற்றுக்கொள்ள முடியாது. பொங்கி வரும்போது முகத்தைக் குளிர்ந்த தண்ணீரில் முக்கு, மூச்சை மெதுவாக விடு. உடம்பு அடங்கினால் மனசு பின்னாலேயே வரும். ராத்திரி எழுதியதைக் காலையில் அனுப்பு. வேலையை விட வேண்டும் என்று தோன்றினால் ராஜினாமாக் கடிதத்தை எழுதி வை, அடுத்த சம்பள நாள்வரை கொடுக்காதே. குடி உனக்கு ஆகாது. அது மிச்சமிருக்கும் பிரேக்கையும் பிடுங்கிவிடும். தூக்கத்தைக் காசு மாதிரிக் காப்பாற்று. ஒரே ஒரு ஆளை உலகமாக்கிக்கொள்ளாதே. காதலன், காதலி, தோழி யாராக இருந்தாலும் ஒரு மனிதர் அத்தனை பாரம் தாங்க மாட்டார். நாலைந்து பேருக்குப் பிரித்துக் கொடு. தப்பு செய்தால் ஒரு வரியில் மன்னிப்புக் கேள்; பத்துப் பக்கம் எழுதாதே. நோயின் பெயரை அலுவலகம் முழுக்கச் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

13. கல்யாணம் மருந்தல்ல.

"ஒரு கால்கட்டு போட்டா சரியாயிடும்" என்று சொல்கிறவர்கள் கட்டு போட்ட பிறகு வந்து பார்ப்பதில்லை. புது வீடு, புது மனிதர்கள், நெருக்கம், எதிர்பார்ப்பு, இந்தக் கோளாறு தடுக்கி விழும் இடங்கள் அத்தனையும் கல்யாணத்தின் முதல் வருடத்தில் இருக்கின்றன. நிலைப்பட்ட பிறகு, அவர் விரும்பி, எதிர்த்தரப்புக்கு உண்மையைச் சொல்லிச் செய்யும் கல்யாணம் நன்றாகவே நடக்கும். மறைத்துச் செய்தது எதுவும் நன்றாக நடந்து நான் பார்த்ததில்லை.

14. மருத்துவமனைக்கே வராதவரோடு வாழ்கிறவர்களுக்கு.

எல்லா ஆளுமைக் கோளாறும் அழுதுகொண்டு வருவதில்லை. சட்டை மடிப்பிலிருந்து சாம்பாரின் உப்புவரை தன் விதிப்படியே நடக்க வேண்டும் என்று வீட்டையே பட்டாளமாக்கும் அப்பா. ஊரே தனக்கு எதிராகச் சதி செய்கிறது என்று பக்கத்து வீட்டோடு முப்பது வருடம் வழக்காடும் பெரியப்பா. தமக்கு ஏதோ இருக்கிறது என்று அவர்கள் ஒப்புக்கொள்ளவே மாட்டார்கள். நீங்களும் ஒப்புக்கொள்ள வைக்க முயல வேண்டாம். சந்தேகக்காரரிடம் ஆதாரம் காட்டி வாதாடாதீர்கள், ரகசியமும் பேசாதீர்கள். விதிக்காரருக்கு அவர் ஆளும் ஒரு மூலையை விட்டுக்கொடுங்கள், உங்கள் மூலையை விடாதீர்கள். தூக்கம் வரவில்லை, நெஞ்சு படபடக்கிறது என்று அவரே சொல்லும் நாள் வரும். அந்தக் காரணத்தைப் பிடித்துக் கூட்டிப்போங்கள்.

அடிக்கிறவர், மிரட்டுகிறவர், ஏமாற்றிவிட்டு வருத்தமே படாதவர் என்றால் என் அறிவுரை வேறு. முதலில் உங்கள் பாதுகாப்பு. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது, பெண்களுக்கான 181 உதவி எண் இருக்கிறது. நோய் என்பதற்காக அடிவாங்க வேண்டிய கடமை யாருக்கும் இல்லை.

15. உங்களையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த வீடுகளில் எப்போதும் ஒரு பிள்ளை சத்தமே இல்லாமல் வளரும். நல்ல மதிப்பெண் எடுக்கும், எதுவும் கேட்காது. அந்தப் பிள்ளையை வாரம் ஒருநாள் தனியே வெளியே கூட்டிப்போங்கள். உங்கள் ரத்த அழுத்த மாத்திரை, உங்கள் நடை, உங்கள் தோழி வீட்டு விசேஷம், இவற்றையெல்லாம் நோயின் பெயரால் வெட்டிக்கொண்டே போகாதீர்கள். பத்து வருடக் கணக்கில் யோசிக்கச் சொன்னேன் இல்லையா, அதுவரை நீங்கள் தாங்க வேண்டும்.

பெரும்பாலும் பெஞ்சில் அம்மா மட்டும்தான் உட்கார்ந்திருப்பார். அப்பாவுக்கு லீவு கிடைத்திருக்காது. அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது அவரையும் கட்டாயம் அழைத்துப் போங்கள். எல்லையைப் போடுகிறவர்கள் இருவரும் ஒன்றாக உட்கார்ந்து கேட்க வேண்டியவை நிறைய இருக்கின்றன.